மச்சான் ஏற்றுக்கொண்ட தேய்மானம்

அந்தக் காரை நினைத்தால் முதலில் கண்முன் வருவது அதன் முன் டயர். நடுவில் ரப்பர்ப் பட்டன் தேயாமல் மிச்சமிருக்கும். வெளி ஓரம் மட்டும் எலி கொறித்ததுபோல் பிய்ந்திருக்கும். அது என் கைவண்ணம். நானும் என் மனைவியின் அண்ணனும் சேர்ந்து வாங்கிய பழைய சின்ன கார் அது. எங்கள் இருவருக்கும் ஒரே வயது, பேச்சில் வா, போதான். எழுத உட்கார்ந்தால் மட்டும் ‘அவர்’ என்று வந்துவிடுகிறது. வரட்டும், அந்த மரியாதைக்கு அவர் தகுந்தவர்.

ஒரு ஞாயிறு கார் அவருடையது, மறு ஞாயிறு என்னுடையது. அவருக்கு டிராக் ரேஸ் பைத்தியம்: மூடிய ஓடுதளத்தில் நானூறு மீட்டர், நேர்கோடு, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். எனக்கு ஆட்டோகிராஸ்: படூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் கூம்புகளை நட்டு, அவற்றை இடிக்காமல் வளைந்து வளைந்து ஓட்டுவது. வண்டியை யார் அதிகம் தேய்க்கிறார் என்பதுதான் எங்கள் தீராத சண்டை. கிளட்சைப் படாரென்று விட்டு வண்டியை எகிறவைக்கிறாய், கிளட்ச் பிளேட், இன்ஜின் மவுன்டிங், ஆக்சில் எல்லாம் உன்னால்தான் போகிறது என்பேன். “நேரா போறதுல இன்னா மச்சான் தேய்மானம்? நீதான் அத முறுக்கி முறுக்கி சாவடிக்கிற” என்பார். நான் இரண்டாவது கியரைத் தாண்டுவதே இல்லை, மெதுவாகப் போகிற என்னால் என்ன கெடும் என்று எனக்கு ஒரு திமிர்.

என் மனைவிக்கு ஏழாம் மாதம், எங்கள் கேளம்பாக்கம் வீட்டில் வளைகாப்பு வைத்தோம். வளையல் போட்ட கையோடு தங்கையைத் தாய்வீட்டுக்கு அண்ணன்தான் அழைத்துப்போக வேண்டும். திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டுக்கு எங்கள் காரிலேயே போவதாக ஏற்பாடு. முதல் நாள் மாலை பூ வாங்கிவரக் காரை எடுத்துப்போனவர் முகம் வெளுத்துத் திரும்பினார். வண்டியைத் திருப்பும்போதெல்லாம் முன்னால் டக் டக் என்று சத்தம். அந்தச் சத்தத்தை நான் ஒரு வாரமாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். உன் ஆக்சில்தான், அனுபவி என்று சிரித்தேன். அவர் ஜாக்கி போட்டு சக்கரத்தைத் தூக்கினார். ஆக்சிலின் ரப்பர் உறை கிழியாமல் கிரீஸோடு கச்சிதமாக இருந்தது. பிறகு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். விழப்போகிற பால்பல்லைப்போல் அது ஆடியது. சக்கரத்தைத் தாங்கித் திருப்புகிற பால் ஜாயின்ட் தேய்ந்து, குழியைவிட்டு வெளியே வரக் காத்திருந்தது. வேகத்தில் வந்திருந்தால் சக்கரம் அப்படியே மடங்கியிருக்கும். அது நேர்கோட்டில் தேய்கிற இடமில்லை, கூம்புகளைச் சுற்றிச் சுற்றி நான் தேய்த்த இடம். “இது நான் கெடுக்குற எடம், நல்லாத்தான் கீது. இது…” என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் வாடகைக் கார் வந்து நின்றது. நம் வண்டிக்கு என்ன ஆயிற்று என்று மனைவி கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், “ரேஸ் வுட்டு நான்தாம்மா கெடுத்துட்டேன். வீல் கழண்டுக்கிற மாதிரி கீது” என்றார். கூடியிருந்த பெண்கள் அத்தனை பேரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். “இனிமே நீ ஓட்டுற வண்டில நான் ஏற மாட்டேன், என் புள்ளயும் ஏறாது” என்று என் மனைவி வளையல் கையை நீட்டிச் சொன்னாள். அவரைத் தனியாக இழுத்துப்போய், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “அவ தெனம் உன்கூடதான் வண்டில வரணும். உன்மேல பயம் வந்தா எப்டி வருவா? நான் செங்கல்பட்டுல கீறேன், என்மேல வந்தா வந்துட்டுப் போவுது” என்றார். அந்த நேரத்தில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

என் மனைவி சொன்ன சொல் மாறவில்லை. என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது, மாமன் என்றால் உயிர். ஆனால் மாமன் ஓட்டும் வண்டியில் அவள் ஒருநாளும் ஏறியதில்லை. போன மாதம் எல்லோரும் அவரவர் காரில் மாமல்லபுரம் கிளம்பினோம். மாமா காரில்தான் வருவேன் என்று மகள் அடம்பிடிக்க, என் மனைவி வழக்கம்போல் முடியாது என்றாள். “சரி வுடும்மா, நீங்க போங்க, நான் பின்னாடியே வரேன்” என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அதற்குமேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. படிக்கட்டிலேயே நின்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சத்தம் யாருடையது, ஆடிய சக்கரம் யாருடையது, பழியை யார் யாருக்காகச் சுமந்தார், எல்லாம். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு இன்னும் நான் பதில் சொல்லி முடிக்கவில்லை. பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே அண்ணன் காரில் போய் ஏறினாள். நானும் பின்சீட்டில் ஓரமாக ஒடுங்கிக்கொண்டேன்.

கோவளம் தாண்டி, நேரான அகலச் சாலை. நானூறு மீட்டரைக் கண் மூடித் திறப்பதற்குள் கடந்த மனிதர், ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நாற்பதிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். பேருந்துகள் ஹாரன் அடித்துத் தாண்டிப்போயின. என் மனைவி மூக்கை உறிஞ்சிவிட்டு, “கொஞ்சம் வேகமாத்தான் போயேன்ணா” என்றாள்.