எழுபத்து மூன்றாம் எண் அட்டை

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே பாறசாலை வரையுள்ள சின்ன ரயில் நிலையங்களில் இறங்கி ஏறிப் பார்க்க ஆசைப்படும் வாசகர் ஒருவர், வழி கேட்டு எழுதியிருந்தார். நான் அந்தப் பக்கம் போனது ஒரே ஒரு தடவைதான். 1998 ஜூலை, மூன்று நாள். ஊர் பார்க்கப் போகவில்லை, வேலையாகப் போனேன். வழியோடு சேர்த்து அங்கே நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. சென்னையில் ஒரு சிறிய நிறுவனத்தில் கருவிகளைச் சோதிக்கும் வேலை. இன்று மெட்ரோவில் எல்லோரும் வைத்திருக்கிறார்களே, அந்த மாதிரி ஓர் அட்டை. ஏறும் இடத்தில் கருவி அருகே காட்டினால் ஒரு பீப், இறங்கும் இடத்தில் இன்னொரு பீப், போன தூரத்துக்கு மட்டும் கட்டணம். இதைப் புறநகர் நிலையங்களுக்கும் நீட்டிக்க முடியுமா என்று பார்க்க, திருவனந்தபுரத்திலும் தெற்கே இரண்டு நிலையங்களிலும் கருவி வைத்து, நூறு பேருக்கு இலவசமாக அட்டை கொடுத்திருந்தோம்.

வாராவாரம் பிளாப்பி வட்டுகளில் வரும் பதிவுகளை மாதக்கணக்கில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்தபோது ஒன்று இடித்தது. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவிலுள்ள ஒரு ஹால்ட்டில் (சின்ன நிறுத்தம்; பெயர் வேண்டாம்) எழுபத்து மூன்றாம் எண் அட்டை தினமும் காலை 6.22 வாக்கில் ஏறியிருந்தது. எங்கேயும் இறங்கவில்லை. நான்கு மாதமாக இதே கதை. "கருவியில் கோளாறா, யாராவது விளையாடுகிறார்களா, போய்ப் பார்" என்று அனுப்பினார்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து பாசஞ்சரில் நெய்யாற்றின்கரை பத்தொன்பது கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். பேருந்து நிலையம் பக்கம் லாட்ஜில் அறை நூற்றிருபது ரூபாய். மறுநாள் காலை ஐந்தரைக்கு ஆட்டோ பிடித்தேன். ஹால்ட்டுக்கு ஏழு கிலோமீட்டர், நாற்பத்தைந்து ரூபாய். பேரம் பேசலாம்; நான் பேசவில்லை.

நிலையத்தின் பெயரைச் சொன்னதும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அந்த மெஷின் வச்ச ஸ்டேஷனா? அங்க இப்போ யாரும் கார்டு போடுகது இல்ல கேட்டியளா. எல்லாரும் சீட்டுதான் எடுக்கினும்."

"ஏன்?"

"காணாமப் போன ஆளு வந்து கார்டு உரசுகாராம். சத்தம் உண்டு, ஆளு இல்ல." கொஞ்ச தூரம் போனபின், "நான் கண்டதில்ல. எனக்க பெண்டாட்டி கண்டவளாக்கும்" என்றார்.

சிரிக்கத்தான் நினைத்தேன். ஹால்ட்டில் இறங்கியபோது சிரிப்பு வரவில்லை. தூறல் விட்டிருந்தது. ரப்பர் தோட்டத்திலிருந்து மூடுபனி தண்டவாளம் வரை வந்து நின்றது. ஒரே ஒரு நடைமேடை, தகரக் கூரை, பலகைச் சுவர் வைத்த ஒற்றை அறை டிக்கெட் கவுண்டர். எங்கள் கருவி அந்தப் பலகையில்தான், ஜன்னலுக்கு வலப்பக்கம் திருகி மாட்டியிருந்தது. பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் ஜன்னலுக்கு இடப்பக்கமாகவே போய்ச் சீட்டு வாங்கினார்கள். வலப்பக்கம் யாரும் கால் வைக்கவில்லை.

ஒரு பெண் மட்டும் கருவிக்கு நாலடி தள்ளி நின்றாள். நாற்பது வயதிருக்கும். கையில் குடை, அதை விரிக்காமல் நனைந்துகொண்டிருந்தாள். கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

6.22. பீப்.

பச்சை விளக்கு எரிந்தது. சின்னத் திரையில் 73. கருவியின் முன்னால் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. நான் இரண்டடியில் நின்றிருந்தேன், கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அந்தப் பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். ரயில் வந்தது, எல்லோரும் ஏறினார்கள். அவள் ஏறவில்லை. ஒவ்வொரு பெட்டியின் வாசலாகப் பார்த்தாள். வண்டி போனதும் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஏஜென்ட் சுகுமாரன், ஐம்பது தாண்டியவர். அவர்தான் சொன்னார். அவள் பெயர் பிலோமினா. பொழியூர் கடற்கரைக் குடும்பம். புருஷன் சேவியர் கடல் வேலையை விட்டுவிட்டு, திருவனந்தபுரத்தில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறைக்குத் தினமும் இங்கிருந்து போய்வந்தார். எழுபத்து மூன்று அவருடைய அட்டை. மார்ச்சில் ஒருநாள் காலை அட்டையைக் காட்டி ஏறினார். பட்டறைக்குப் போய்ச் சேரவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்து, தேடியும் பார்த்தாயிற்று.

"மெஷினில கோளாறு ஒண்ணும் இல்லல்லா மேடம்?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

பகல் முழுக்கக் கருவியைப் பிரித்துப் பார்த்தேன். வயர் சரி, மின்சாரம் சரி. கோளாறு எதுவும் இல்லை. ஆளில்லாத நடைமேடையில் அந்தக் கருவிக்கு முதுகைக் காட்டி உட்கார என்னால் முடியவில்லை.

லாட்ஜுக்குத் திரும்பி, கையோடு கொண்டுவந்திருந்த உபரிக் கருவியை மேசையில் வைத்தேன். குறிப்பெழுத நோட்டை எடுத்து அதன்மேல் போட்டதும் பீப் என்றது. துள்ளி எழுந்துவிட்டேன். நோட்டுக்குள் என்னுடைய சோதனை அட்டை இருந்தது. நோட்டின் கெட்டி மேலுறையைத் தாண்டிக் கருவி அதைப் படித்திருந்தது. காகிதத்தைத் தாண்டுமென்றால் பலகையையும் தாண்டும்.

மறுநாள் காலை நடைமேடையில் நிற்கவில்லை. கவுண்டர் கதவைத் தள்ளி உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். சுகுமாரன் சீட்டு கிழித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே பிலோமினா நிற்பது தெரிந்தது. 6.22 ஆயிற்று. 6.23. வெளியே அவள் ஓரடி முன்னால் வந்தாள். சுகுமாரன் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துப் பலகையில் வைத்து அழுத்தினார்.

வெளியே பீப் கேட்டது.

வண்டி போனபிறகு அவராகவே பேசினார். "சேவியர் காணாமப் போயி ஒரு வாரம் களிஞ்சு இந்தக் கார்டு ஆத்துப் பாலத்துக்க பக்கத்தில, தண்டவாளச் சல்லியில கெடந்தது. அவனுக்க கார்டுதானான்னு பாக்க இங்க வச்சு நோக்கினேன். மெஷின் சத்தம் போட்டுது. இந்தப் பிலோமினா அவனத் தேடி வந்து வெளிய நிண்ணுட்டு இருக்கு. 'ஆரு அண்ணா?'ன்னு கேட்டுது. வாயில வந்துபோச்சு, சேவியருக்க நம்பர்ன்னு. அதுக்க மொகத்த நீங்க கண்டிருக்கணும் மேடம். அடுத்த நாளு வெளுப்பிலயே வந்து நிக்குது. நான் என்ன செய்ய?"

"போலீசிடம் சொல்லியிருக்கலாமே. ஆற்றில் தேடியிருப்பார்களே."

"தெரியும்" என்றார். "ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம்ன்னு நினைப்பேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதே மார்ச் மாதப் பதிவு எங்கள் அலுவலகத்திலும் இருந்தது. ஒருவர் ஏறினார், இறங்கவில்லை என்று கருவி அன்றே குறித்து வைத்திருந்தது. பார்க்காதவர்கள் நாங்கள்.

வெளியே பிலோமினா குடையை விரித்துக்கொண்டிருந்தாள். சுகுமாரன் எழுந்து போய் அட்டையை அவளிடம் நீட்டினார். அவர் சொன்னதெல்லாம் எனக்குக் கேட்கவில்லை. அவள் அவரைத் திட்டவில்லை, அழவுமில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க கெடந்தது அண்ணா?"

"பாலத்துக்க பக்கத்தில."

"தண்ணிப் பக்கமா, கரைப் பக்கமா?"

"தண்ணிப் பக்கம்."

பிறகு என்னிடம் வந்தாள். "மக்கா, நீதான் மெஷின்காரியா? அவரு எறங்கியாச்சுன்னு போடணும்ன்னா இத எங்க கொண்டு வைக்கணும்?"

அடுத்த வண்டி 7.40. நாங்கள் இருவரும் ஏறினோம். நெய்யாற்றுப் பாலத்தில் வண்டி மெதுவானபோது, "வண்டிக்குள்ள இருக்கமாட்டாரு, படியிலதான் நிப்பாரு. காத்து வேணும். கடல்காரனாக்கும்" என்றாள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. கீழே மழைத்தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. அவள் கடைசிவரை அதைப் பார்த்தாள்.

திருவனந்தபுரத்தில் வெளிவாசல் கருவியைக் காட்டினேன். அட்டையை வைத்தாள். பீப். பயணம் முடிந்தது என்று திரையில் வந்தது. அவளுக்கு வாசித்துச் சொன்னேன். தலையாட்டினாள். அப்போதுதான் அழுதாள், தூணில் சாய்ந்து, சத்தமில்லாமல். பத்து நிமிடம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம், வா" என்றாள்.

சுகுமாரன் எங்களுக்கு முன்பே நெய்யாற்றின்கரை காவல் நிலையத்துக்கு வந்து, வெளியே உட்கார்ந்திருந்தார்.

பாலத்திலிருந்து ஆறு ஓடும் திசையில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மூங்கில் புதரில் எலும்புகளும் இடுப்பு பெல்ட்டும் கிடைத்ததாக அடுத்த மாதம் பிலோமினா யாரையோ வைத்து எழுதியிருந்தாள். பெல்ட்டை அவள் அடையாளம் காட்டினாளாம். பொழியூரில் அடக்கம் செய்தார்கள். சுகுமாரன் வந்து கல்லறைத் தோட்ட வாசலுக்கு வெளியே நின்றிருக்கிறார். அவளே போய் உள்ளே கூட்டிவந்தாளாம். கவுண்டர் வேலையை அவர் விட்டுவிட்டார். எங்கள் வெள்ளோட்டமும் அந்த ஆண்டோடு நின்றது. நான் எழுதிய அறிக்கையில் 'கருவியில் பழுதில்லை' என்ற வரியை எழுதத்தான் ஒரு நாள் முழுக்கப் பிடித்தது.

போக விரும்புகிறவர்களுக்கு: பேருந்து வேகம், பாசஞ்சர் அழகு. காலை வண்டியில் நெய்யாற்றின்கரை வரை கூட்டம் இருக்காது. ஹால்ட்டுகளில் ஒரு நிமிடம்தான் நிற்கும், சீட்டை முன்பே வாங்கிவிடுங்கள். டீக்கடை எல்லா இடத்திலும் இருக்காது, தண்ணீர் கொண்டுபோங்கள். ஜூன், ஜூலையில் குடை கட்டாயம். பாலம் வரும்போது படம் எடுக்க எல்லோரும் வாசலுக்கு ஓடுவார்கள். ஜன்னலிலிருந்தே ஆறு நன்றாகத் தெரியும். படியில் நிற்காதீர்கள்.