முன்னே நகர்ந்த பின்குறி

லான்சோ பிரெஸ்னெலின் வயதைக் கேட்டால் அவர் சொல்ல மாட்டார். அவருடைய துப்பாக்கிக் குழலைப் பார்த்தால் தெரிந்துவிடும். எங்கள் டென்னசி மலையில் எல்லாரிடமும் இருக்கிற, குழல் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கிற அதே நீளத் துப்பாக்கிதான். ஆனால் வேறு யார் குழலிலும் குறுக்கே வெட்டிய காடிப் பள்ளங்கள் அத்தனை இல்லை. மருந்துப் புகை வாசனை வந்தால் இன்றும் எனக்கு அவர் நினைவுதான்.

வயதானால் கிட்டத்தில் இருப்பதுதான் முதலில் மங்கும். குழல்மேல் கண்ணுக்குக் கிட்டே இருக்கும் பின்குறியின் சின்ன வெட்டு கலங்கிப்போனால், குறிபார்க்கும்போது அதற்குள் குழல் நுனியிலிருக்கும் முன்குறியை எப்படி உட்கார வைப்பது? மற்றவர்கள் வெட்டை அகலமாக அராவிக்கொண்டார்கள். "அகல வெட்டுல மாடே நுழையும்" என்பார் லான்சோ. பின்குறியைக் கழற்றி, கண்ணை விட்டு இன்னும் எட்டத்தில் புதுக் காடி வெட்டி, அங்கே தட்டி ஏற்றுவார். பழைய காடியைப் பித்தளைத் துண்டால் அடைப்பார். பித்தளையெல்லாம் அவர் மனைவி வெஸ்டாவின் வீட்டுச் சாமான். ஒன்று பெட்டிக் கீல், இன்னொன்று மெழுகுவர்த்தித் தட்டின் விளிம்பு. திட்டிக்கொண்டேதான் கொடுப்பாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால், மாட்டுக்கறியைப் பரிசாக வைத்துக் குறிபார்த்துச் சுடும் பந்தயம் வரும். கரி பூசிய பலகையில் கத்தியால் கீறிய பெருக்கல் குறிக்குச் சுடுவோம். முதலில் வருபவனுக்குப் பின்தொடைக் கறி. கடைசிப் பரிசாக, ஆறாவதாக வருபவனுக்குப் பலகைக்குப் பின்னால் மரத்தில் புதைந்த குண்டுகளின் ஈயம். வருடாவருடம் பின்தொடையோடு வீடு திரும்பிய லான்சோவுக்குக் கடைசி வருடம் ஈயம்தான் கிடைத்தது.

வெஸ்டாவின் தம்பி ஹோபர்ட் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பவன் இல்லை. "இப்பிடியே போனா பின்குறியும் முன்குறியும் ஒரே காடியில குடித்தனம் நடத்தும், மச்சான்" என்றான். லான்சோவும் சிரித்தபடியே கோடரியால் ஈயத்தைக் கொத்தி எடுத்தார். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

அந்த வருடம் அவருக்கு வரவில்லை. பனி உருகும் முன்பே நிமோனியா கொண்டுபோய்விட்டது.

அடுத்த பந்தயத்துக்கு வெஸ்டா அந்தத் துப்பாக்கியோடு வந்தாள். பின்குறி பாதிக் குழலையும் தாண்டி, நாங்கள் யாரும் பார்த்திராத புதுக் காடியில் இருந்தது. படுக்கையில் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் வெட்டியதாம். அதற்குப் பிறகு ஒரு குண்டுகூடப் போகவில்லையாம். சரியாக வெட்டினாரா என்று தெரியாமல் தனக்கு மனசே ஆறவில்லை என்றாள். சுட்டுப் பார்க்கிறேன் என்று நான் கை நீட்டினேன்.

"ஒனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. குறிய எங்க வெச்சாலும் ஒனக்கு ஒண்ணுதான்" என்றாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "ஹோபர்ட்டு, கோயில்ல பைபிளக் கைய நீட்டிப் புடிச்சுப் படிச்சியே, பாத்தேன். நீ வா."

அவன் வாங்கி மருந்து கெட்டித்தான். பந்தயம் தொடங்கும் முன்பே, கிடந்த மரத்தின்மேல் குழலைச் சாய்த்துச் சுட்டான். குண்டு ஒரு விரலகலம் இடப்பக்கம் பட்டது. வெஸ்டாவின் முகம் வாடிவிட்டது.

"ஒசரம் சரியா இருக்குக்கா. புதுக் காடின்னா பக்கவாட்டுல கொஞ்சம் போகும். வலப்பக்கம் ஒரு மயிரிழை தட்டு. வெட்டு பளிச்சுன்னு தெரியுது எனக்கு."

லான்சோ இருந்தபோதும் அந்தக் கடைசித் தட்டு அவளுடையதுதான். சுத்தியலை எடுத்துத் தட்டினாள். ஹோபர்ட் மறுபடி கெட்டித்துச் சுட்டான். பெருக்கல் குறியின் நடு இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது. அவன் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து எடுக்கவே இல்லை.

"மச்சான் எனக்குன்னே வெட்டி வெச்ச மாதிரி இருக்குக்கா."

"அவருக்குத்தான் வெட்டினாரு" என்றாள் வெஸ்டா. "சரியாத்தான் வெட்டியிருக்காரு."

அடக்கத்தன்றுகூட அழாதவள், அப்போதுதான் அழுதாள்.