பல்லி சொன்னால் தட்டுகிற கை

விஜயபுரத்தில் ரவிக்கை தைக்கும் கன்னிகாவின் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது தையல் மெஷினை அல்ல, பக்கத்து மேசையில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியை. உள்ளே மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகளோடு ஒரு சிறுத்தைப் பல்லி. பெயர் ரோஜா. மாங்காய் வேன் ஓட்டும் கணவன் ஹேமநாத் திருப்பதியிலிருந்து கொண்டுவந்தது.

"செவுத்துல கீறது பத்தாதுன்னு இத வேற வாங்கியாந்தியா?" என்று அன்று கத்திய கன்னிகாதான், இன்று ஆளுக்கு அளவெடுக்கும்போதும் ஒரு கண்ணைப் பெட்டிமேல் வைத்திருக்கிறாள்.

போன கோடையில் ரோஜா துணையில்லாமலே முட்டையிட்டது. ஈர மண் டப்பாவில் குழி தோண்டி, இட்டு, பின்னங்காலால் மூடியது. வெறும் முட்டைகள். மஞ்சளடித்து, பள்ளம் விழுந்து, கெட்டுப்போயின. கொழுப்பையெல்லாம் வாலில் சேர்த்து வைக்கும் உயிர் அது. அந்த வால் குச்சியாய் இளைத்ததைக் கன்னிகாவால் பார்க்க முடியவில்லை. இவ்வளவு பாடும் வீணா? ஒரு தடவையாவது இதற்குக் குஞ்சு பொரிய வேண்டும் என்ற ஆசை அன்று பிடித்துக்கொண்டது.

மார்கழியில் பெட்டியின் சூட்டைக் குறைத்து ஓய்வு கொடுத்தாள். தை பிறந்ததும் மெல்ல ஏற்றினாள். புழுக்களைக் கால்சியம் பொடியில் புரட்டி ஊட்டினாள். வால் மறுபடி பருத்தது. ஹேமநாத்தின் சிநேகிதன் கிரண்குமார் திருப்பதியிலிருந்து தன் ஆண் பல்லியைக் கொண்டுவந்து விட்டான். அவனுக்கு ஐதராபாத்துக்கு வேலை மாற்றம். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப்போய்விடுவான். அதற்குள் இரண்டும் சேர வேண்டும்.

சேரவில்லை. சாயங்காலமானால் ஆண் தலையைத் தூக்கும், நாக்கை நீட்டிக் காற்றை நக்கும், வால் நுனி படபடவென்று நடுங்கும். ரோஜாவும் விலகாமல் நிற்கும். திடீரென்று இரண்டும் மிரண்டு, பெட்டிக்குள் கவிழ்த்து வைத்த ஓட்டுத் துண்டுகளில் ஆளுக்கொன்றின் அடியில் பதுங்கிவிடும். தினமும் இதே கதை.

சனிக்கிழமை கிரண்குமார் வீடியோவில் வந்தான். "நான் பாக்குறேன்கா. நீங்க உங்க வேலையப் பாருங்க." நூல்பெட்டியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுக் கன்னிகா கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். ஆண் பல்லியின் வால் நடுங்கத் தொடங்கியது. உத்தரத்தில் வீட்டுப் பல்லி 'ச்ச்ச்ச்' என்றது.

"அக்கா! ஏம் சேஸ்துன்னாரு?" என்று போன் தெலுங்கில் அலறியது.

"நான் இன்னா பண்ணேன்?"

"பெட்டிய டொக்கு டொக்குன்னு தட்டினீங்களே!"

"நானா?"

பல்லி சொன்னால் விரலை மடக்கி, கைக்கு எட்டியதைத் தட்டி, 'கிருஷ்ணா கிருஷ்ணா' என்பது சிறு வயதுப் பழக்கம். கைக்குத் தெரியும், மனதுக்குத் தெரியாது. அவள் உட்காருமிடத்தில் கைக்கு எட்டியது அந்தக் கண்ணாடிதான்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த ஹேமநாத் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏமே, உள்ள அனுப்பிட்டுக் கதவத் தட்டிக்கினே இருந்தா மாப்ள இன்னாதாம்மே பண்ணுவான்?"

கன்னிகா சிரிக்கவில்லை. "நாந்தானா மாமா இத்தினி நாளா கெடுத்துக்கினு இருந்தேன்?" கண் கலங்கிவிட்டது.

"ஏம் காலேதுலே அக்கா," என்றான் கிரண்குமார். "ஒண்ணும் ஆகல. கொஞ்சம் உடுங்க, தானா வரும்."

விளக்கைத் தணித்து, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். ஓட்டுக்கடியிலிருந்து முதலில் வந்தது ரோஜா. பின்னால் ஆண். உத்தரத்துப் பல்லி வேண்டுமென்றே சொல்வதுபோல மறுபடி சொன்னது. பதில் தட்டாமல் விடவும் மனசு வரவில்லை. ஒரு கையை உருவி, சத்தமில்லாமல் தன் தொடையிலேயே தட்டிக்கொண்டாள். ஆண் ரோஜாவின் கழுத்தைக் கவ்விப் பிடித்தது.

"பாக்காத மாமா. அந்தாண்ட திரும்பு."

ஞாயிற்றுக்கிழமை கிரண்குமார் வந்து ஆணை எடுத்துப்போனான். மாசிக் கடைசியில் ரோஜா குழி தோண்டியது. இரண்டு முட்டைகள், வெள்ளையாக, விறைப்பாக. கோழிமுட்டைபோல இவற்றைத் திருப்பக் கூடாது. இருந்தபடியே மேல்பக்கம் துணியில் அடையாளம் போடும் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்து, பொரிப்பதற்கான தனிச் சூட்டுப் பெட்டிக்கு மாற்றினாள்.

சில நாள் கழித்து, ஒரு கையில் முட்டையை அசையாமல் ஏந்தி, மறு கையால் போன் வெளிச்சத்தை அடியில் காட்டினாள். ஹேமநாத் குனிந்தான்.

"இன்னா கீது?"

"நரம்பு மாமா. செவப்பா, சுத்தி ஓடிக்கினு கீது." குரல் இறங்கிவிட்டது. "குஞ்சு வந்துரும் மாமா."

உத்தரத்தில் பல்லி சொன்னது.

அவளிடம் ஒரு கையும் காலியில்லை. "மாமா, நீ தட்டு. மெதுவா. உம்மேலயே."

ஹேமநாத் தன் நெற்றியில் தட்டிக்கொண்டான். "கிருஷ்ணா கிருஷ்ணா."