ஈரக் கை

என் தம்பி மாடு கறக்கிறவன். தெருவில் அவனுக்கு ராசிக்கை என்று பெயர். வைத்தவள் எங்கள் அம்மா. சின்ன வயதில், யாருக்கும் அடங்காத ஒரு மாட்டை ஒருநாள் அவன் கறந்துவிட்டான். அன்றைக்கு அவள் அவனைத் தலையில் தூக்கி வைத்தாள். பிறகு இறக்கி வைக்க மறந்தே போனாள். அதிலிருந்து அவன் விறகு பிளந்ததில்லை, குடம் தூக்கியதில்லை. விரல் கெட்டுவிடுமாம். வீட்டில் எல்லா வேலையும் அவன் மனைவி பார்த்தாள். இவன் திண்ணையில் உட்கார்ந்து விரலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

தினமும் எட்டு வீட்டில் கறப்பான். வேகமாகக் கறப்பான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவனுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. முதல் வீட்டில் பாலில் நனைந்த கை எட்டாவது வீடு வரை காயக் கூடாது. நடுவில் கழுவினால் ராசி தண்ணீரோடு போய்விடுமாம். ஒரு மாட்டின் பால் சொட்டும் கையோடு அடுத்த மாட்டின் காம்பைப் பிடிப்பான். தெருவில் இருந்த புத்திசாலிகள் அதையும் வாய் பிளந்து பார்த்தார்கள்.

முதல் வீடு எப்போதும் மில்காரர் வீடுதான். பெரிய மனிதராயிற்றே, அவர் வாசலில்தான் பொழுது விடிய வேண்டும். அவருடைய மாட்டுக்கு மடி வீங்கிச் சூடேறி, பால் திரிதிரியாக வந்தது. அதை அவர் வெளியே மூச்சு விடவில்லை. தம்பியும் பாலைத் துணியில் வடிகட்டிக் கொடுத்துவிட்டு, அதே கையோடு அடுத்த வீட்டுக்குப் போனான். நாலு நாளில் இரண்டாம் வீட்டு மாட்டுக்கும் மடி கல்லாகிவிட்டது. மூன்றாவது எங்கள் வீடு.

எங்கள் வீடு என்றால் நானும், புருஷனைப் பறிகொடுத்த என் மகளும், அவள் பிள்ளைகள் இரண்டு பேரும். எங்களுக்குச் சோறு போடுவது அந்த ஒரு மாடு. பால் சங்கத்தில் பாலைத் திருப்பி அனுப்பினால் அடுப்பில் பூனை தூங்கும். ஒருநாள் காலையில் பின்பக்கத்துக் காம்பு ஒன்றில் பாலோடு ரத்தம் வந்தது.

தம்பி கண் திருஷ்டி என்றான். பிறகு பச்சைப் புல்லின் சூடு என்றான். பிறகு கொசு என்றான். மில்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, விரல் விட்டு எண்ணத் தெரியும். நோய் இவன் போகும் வழியிலேயே, இவன் போகும் வரிசையிலேயே வந்தது. நடுவில் தையல்காரர் வீட்டை மட்டும் தாண்டிப் போனது. அங்கே அந்த வீட்டுப் பெண்ணே கறக்கிறாள். திருஷ்டிக்கு அவள் வாசல் மட்டும் தெரியவில்லையா?

மாட்டு டாக்டரம்மாவை மகள் கூட்டி வந்தாள். டாக்டரம்மா நாலு குழி உள்ள தட்டில் நாலு காம்பின் பாலையும் பீய்ச்சி, ஒரு மருந்தை ஊற்றிச் சுழற்றினாள். மூன்று குழியில் பால் பாலாக ஓடியது. ஒன்றில் பசை மாதிரிக் கெட்டியானது. கறக்கிறவன் கையில்தான் கிருமி வருகிறது என்றாள். ஒவ்வொரு மாட்டுக்கும் சோப்புப் போட்டுக் கழுவித் தனித்துணியில் துடைக்க வேண்டும், நோய்ப்பட்ட மாட்டைக் கடைசியில் கறக்க வேண்டும், கறந்ததும் காம்பை மருந்தில் முக்க வேண்டும். காம்பின் துளை மூடக் கொஞ்ச நேரமாகும், அதுவரை மாட்டைப் படுக்க விடக் கூடாது. காம்புக்குள் மருந்து ஏற்றிவிட்டு, அவள் சொல்லும் வரை பாலைச் சங்கத்துக்குக் கொண்டுபோக வேண்டாம் என்றாள். மகள் அத்தனை பாலையும் குழி தோண்டி ஊற்றினாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நாப்பது வருஷமாக் கறக்கிறேன்க்கா. ஒரு மாடு என்னைக் குறை சொல்லியிருக்கா?"

"மாடு பேசாததாலதான்டா உன் பொழப்பு ஓடுது."

மில்காரர் வீட்டைக் கடைசியில் வை என்றதும் அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவரை எட்டாவதாக நிறுத்தினால் தோலை உரித்துவிடுவாராம். எட்டு வீட்டு மடி அழுகினாலும் பரவாயில்லை, அந்த மனிதரின் மூக்கு சிவக்கக் கூடாது. ஆண்பிள்ளை!

மறுநாள் காலையில் வந்தான். கையில் ஒரு வாளி, சோப்பு, தோளில் வெள்ளைத் துண்டு. கல்யாண மாப்பிள்ளை கெட்டான். தெருவே நின்று பார்த்தது. எங்கள் வாசலுக்கு வரும்போது அந்த வாளித் தண்ணீர் மோர் மாதிரி இருந்தது. மில்காரர் மாட்டைக் கறந்த கை, இரண்டாம் வீட்டுக் கை, எல்லாம் அதே வாளியில். துடைத்ததும் அதே துண்டில். ஊர் அழுக்கைச் சுமந்து வந்து வீடு வீடாகக் கொடுப்பதற்கு இவன் சுத்தம் என்று பெயர் வைத்திருந்தான்.

நான் படலைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

"கூடப் பிறந்தவளே கதவைச் சாத்தினா நாலு பேர் சிரிப்பாங்கக்கா. என் மானம் போகுது."

"போகட்டும். அது நாளைக்கே திரும்பி வந்துடும். செத்த காம்பு வராது."

கூடப் பிறந்தவன்தான். அவன் கண் கலங்கியதைப் பார்த்தேன். படலைத் திறக்கவில்லை.

மகளே கறக்கப் பழகினாள். மாடு இரண்டு முறை உதைத்தது. அவள் விரல் வீங்கி, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். ரத்தம் வந்த காம்பு வற்றியே போனது. மற்ற மூன்றும் பிழைத்தன. டாக்டரம்மா மறுபடி தட்டைச் சுழற்றிப் பார்த்துவிட்டுச் சங்கத்துக்குக் கொண்டுபோகச் சொன்னாள். வாங்கிக்கொண்டார்கள்.

என் மகளுக்குக் கைராசி இல்லை, அதனால்தான் ஒரு காம்பு போயிற்று என்று தம்பி சொல்லிக்கொண்டு திரிகிறானாம். நாலாம் வீட்டிலும் ஐந்தாம் வீட்டிலும் மடியைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள், அங்கேயும் தலையாட்டுகிறார்களாம். ஆட்டட்டும். இன்று காலையிலும் மகள் கையைக் கழுவித் துடைத்து, கடைசிச் சொட்டுவரை கறந்தாள். மூன்று காம்பையும் மருந்தில் முக்கினாள். மாடு உடனே படுத்துவிடாமல் இருக்க ஒரு கட்டுப் புல்லைப் போட்டாள். அது நின்றுகொண்டே தின்றது.