ஏடு அடுக்கிய கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரர் பெயர் திருஞானசம்பந்தம். வாயால் சொல்லத்தான் கூடாது, எழுதினால் குற்றமில்லை என்று நானாக ஒரு சட்டம் வைத்துக்கொண்டிருக்கிறேன். சட்டம் வைப்பதே அவரிடம் கற்றதுதான். காலையில் எழுந்ததும் எந்தக் காலை முதலில் ஊன்றுவது என்பதற்குக்கூட அவரிடம் ஒன்று உண்டு. ஸ்ரீவைகுண்டத்தில் அவர்கள் குடும்பத்துக்கு இருந்த வயலெல்லாம் கைமாறிப் போய்விட்டது. மிஞ்சியது ஆசாரம் மட்டும்தான். அதையும் யாராவது எழுதி வாங்கிக்கொண்டு போயிருக்கக் கூடாதா என்று நான் நினைத்ததுண்டு.

உரக் கம்பெனியில் கணக்கர் வேலை. மகள் விஜயஸ்ரீ கைக்குழந்தையாக இருக்கும்போதே அவரைக் குண்டூர் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். தீபாவளிக்கு வருவார், மிளகாய் வற்றலை இறக்கி வைப்பார், திரும்பவும் ரயில் ஏறுவார். மகளுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு உட்கார்ந்திருந்ததும் நான்தான், வள்ளியூரில் மாப்பிள்ளை பார்த்து அலைந்ததும் நான்தான். அவளைக் கட்டிக்கொடுத்து வீடு வெறிச்சென்று ஆன பிறகு, ஐயா பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். குண்டூரில் கம்ப்யூட்டர் பழகியிருந்தாராம். அதனால் தொண்ணூற்றெட்டில் ஜங்ஷன் கிளைக்கு ஒரு லேப்டாப்பைக் கொடுத்து, இதைப் பார்த்துக்கொள்ள நீர்தான் சரி என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த லேப்டாப்பை அவர் வைத்திருந்த விதத்தைப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் ஏரல் கடைகளுக்குக் கணக்குப் பார்க்கப் போனால் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொள்வார். விஜயஸ்ரீயை ஒரு நாளாவது அப்படி மடியில் வைத்திருப்பாரா என்று கேட்க வாய் வரும். கேட்டதில்லை. வந்து சேர்ந்தாரே, அது போதும் என்று இருந்தேன். அவரோடு கிடங்கிலிருந்து ஒரு பூனையும் வந்தது. உரமூட்டையில் எலி பிடிக்க வைத்திருந்ததாம். குட்டியம்மா என்று பெயர் வைத்துத் தயிர்ச்சோறு பிசைந்து ஊட்டுவார்.

புரட்டாசியில் சரஸ்வதி பூஜை வந்தது. எங்கள் வீட்டில் ஏடு அடுக்குவது பெரிய காரியம். புத்தகம், பேனா, எல்லாவற்றையும் சாமி முன்னால் அடுக்கிப் பூஜை போட்டுவிட்டால், மறுநாள் விஜயதசமியன்று மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. அந்த வருஷம் லேப்டாப்பும் ஏறியது. அதைப் புத்தகம் போலத் திறந்து வைத்து, ஓரத்தில் சந்தனம் குங்குமம் இட்டு, மேலே ஒரு பட்டுத்துண்டைப் போர்த்தினார். பூஜை முடிந்ததும் யாரும் தொட்டுவிடக் கூடாதென்று அறைக் கதவைச் சாத்திக் கொண்டி போட்டார். உள்ளே பட்டுத்துண்டின்மேல் குட்டியம்மா சுருண்டு படுத்திருந்ததை யார் கண்டது?

அது கத்துவது அடுப்பங்கரைவரை கேட்டுத்தான் போய்த் திறந்தேன். வாடை முகத்தில் அடித்தது. துண்டு நடுவில் நனைந்திருந்தது.

"ஏங்க, பூனை ஒண்ணுக்குப் போயிருக்கு. சட்டுனு எடுத்துத் தொடையுங்க" என்று கை நீட்டினேன்.

"தொடாத!" என்று ஒரு சத்தம். "ஏடு அடுக்கியாச்சு. நாளைக்கு மறுபூசை முடிஞ்சாத்தான் எடுக்கணும்."

"அது ஏடு இல்லங்க, கரண்டுல ஓடுத மிசின். உள்ள எறங்கிரும்லா."

"பைய பேசு. அடுக்கினது அம்பாள் பொறுப்பு. அவ பாத்துக்கிடுவா."

"பூனை போனதையுமா அவ பாத்துக்கிடணும்?"

சுத்தம் பண்ண வேண்டுமே என்று செம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து மாவிலையால் தெளித்தார். தெளித்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். இறைத்தார். நான் தலையில் அடித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு மனிதனிடம் எவ்வளவுதான் மல்லுக்கு நிற்பது?

விடிந்து, நல்ல நேரம் பார்த்து, சூடம் காட்டி, துண்டை எடுத்து, பொத்தானை அமுக்கினார். விளக்கு வரவில்லை. கவிழ்த்தார். மஞ்சளாய்ச் சொட்டியது. மொட்டைமாடியில் நான் வடகம் காயப்போடும் வேட்டியிலேயே அதையும் காயவைத்தார். மறுநாள் ஜங்ஷனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனால், திறந்து பார்த்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, உள்ளே எல்லாம் அரித்துவிட்டது, இனி எழாது என்று சொல்லிவிட்டாராம்.

வந்து சோற்றைத் தொடவில்லை. "திரும்பக் குண்டூருக்குத்தான் தள்ளுவான், கோமு" என்றார். மனிதரிடம் ஆயிரம் குறை இருக்கட்டும். சாயங்காலம் செருப்புச் சத்தம் கேட்கிறதே என்று இப்போதுதான் கொஞ்சம் நிம்மதியாக இருந்தேன். இனி ஒரு தரம் தனியாக இருக்க எனக்குத் தெம்பு கிடையாது.

மெட்ராஸ் ஆபீசுக்கு அவர் போனில் பேசினார் என்று தெரியும். என்ன பேசினார் என்பது, அவரோடு வேலை பார்க்கும் காஜா முகைதீன் வந்து சொல்லித்தான் தெரிந்தது. அவர் வாசலில் மொபெட்டை நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்னக்கா, கம்ப்யூட்டரையே மஞ்சத்தண்ணி ஊத்திக் குளிப்பாட்டிட்டியளாமே? அண்ணாச்சி போன்ல சொல்லிட்டாவ. நாளைக்குப் பெரிய ஆபீசர் பெருமாள்ராஜ் சார் நேர்லயே விசாரிக்க வாராவ. உங்ககிட்டயும் கேப்பாவளாம்."

நான் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பூனையைத் தடவிக்கொண்டிருந்தார். காஜா போகும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"நான் எப்பம் ஊத்தினேன்?"

"கோவப்படாத. நான் சொன்னா வேலைக்குக் கேடு. பொம்பள தெரியாமச் செஞ்சிட்டான்னா சரின்னு விட்டுருவாவ. உன்னைய என்ன, மாத்தியா போட முடியும்?"

நியாயம்தான் என்பதுபோல அவர் சொன்ன விதம் இருக்கிறதே, அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாழ்நாளில் பொய் சொன்னதில்லை என்று நெஞ்சை நிமிர்த்துகிற மனிதர். முதல் பொய்யை என் தலையில் கட்டியிருக்கிறார்.

பெருமாள்ராஜ் வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். லேப்டாப்பை மேசையில் வைத்துத் திறந்ததும் முகம் சுளித்தார். குட்டியம்மா அவர் காலை உரசிக்கொண்டு நின்றது.

"அம்மா, மஞ்சள் தண்ணி நீங்கதான் ஊத்தினீங்களா?"

என் வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். உள்ளதைச் சொல்லிவிட ஒரு வாய் போதும். குண்டூர் ரயில் கண்முன்னால் வந்தது.

"நான்தான் சார்."

"வெறும் மஞ்சள் தண்ணியா? வாடை வேற மாதிரி இருக்கே?" அவர் பூனையைக் குனிந்து பார்த்தார்.

"கோமியம் கலந்தேன் சார்" என்றேன். "பூசைச் சாமானைச் சுத்தம் பண்ண அப்படித்தான் தெளிப்போம். கூடக் கொஞ்சம் விழுந்துட்டு."

எங்கிருந்துதான் வந்ததோ அந்த வார்த்தை! பெருமாள்ராஜ் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு சிரித்தார். "சரி விடுங்க. வீட்டில தெரியாம நடந்ததுக்கு இவரை என்ன சொல்றது? வேற மெஷின் அனுப்பச் சொல்றேன். இனிமே நீங்க அது பக்கமே போகாதீங்கம்மா."

அதோடு முடிந்திருக்கலாம். காலண்டரிலிருந்து முகத்தைத் திருப்பினார் என் வீட்டுக்காரர்.

"நானும் எத்தனையோ தரம் சொல்லிட்டேன் சார். சொன்னாக் கேக்க மாட்டா. ஏடு அடுக்கினதைத் தொடாதன்னு அன்னைக்கும் சத்தம் போட்டேன்."

நடிப்பு இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். ஆபீசரும் பாவம் என்பதுபோல அவரைப் பார்த்தார். நான் காபி குடித்த தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஆபீசரை வழியனுப்பிவிட்டு அவர் அடுப்பங்கரைக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. நான் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன்.

"கோமு, நீ மட்டும் ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தேன்னா, நான் இந்நேரம் குண்டூருக்கு மூட்டையைக் கட்டணும்."

"போயிருக்கலாம்லா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வந்த பிறகுதான் அது என் மனசில் உள்ளது என்று எனக்கே தெரிந்தது. எத்தனை வருஷம் இந்த மனிதர் வந்து சேர வேண்டும் என்று வழி பார்த்திருந்தேன்!

அவர் நான் கேலி பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். இன்னும் கொஞ்சம் காபி இருக்கிறதா என்று கேட்டார்.