பெரியப்பாவின் கங்காணி

என் பெரியப்பாவுக்குச் செத்துப்போனவர்கள் எல்லாரும் பக்கத்துத் தெருக்காரர்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த டச்சுக்காரத் தளபதி இருக்கானே, சரியான கஞ்சப்பய" என்பார். துறைமுகத்துக்குப் புதிதாக வந்த அதிகாரியைச் சொல்லுகிறார் என்று நினைத்து, "பெரிய இடத்துப் பொல்லாப்பு நமக்கெதுக்கு?" என்று பெரியம்மா பதறுவாள். "ஏளா, அவன் செத்துப் புல்லு முளைச்சாச்சு" என்று சொல்லிவிட்டு, செத்தவனின் கஞ்சத்தனத்தை இரண்டாம் சோறு வரைக்கும் விவரிப்பார்.

அவருக்கு வேலை ஒரு கப்பல் ஏஜென்சியில். புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த எழுபதுகள் அவை. பெரியப்பாவின் மனமோ பாய்மரக் காலத்தைவிட்டு இந்தப் பக்கம் வர மறுத்தது. லீவு கிடைத்தால் ரயிலேறி மதராசுக்குப் போய்ப் பழைய கும்பினிக் காகிதங்களைப் படித்துவிட்டு, அந்தத் தூசியில் தும்மிக்கொண்டே திரும்புவார். மாதா கோயில் பத்திரிகையில் அவர் எழுதியவற்றைப் பங்குச் சாமியாரும் அச்சுக்கோர்ப்பவரும் தவிர வேறு யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அப்படிப்பட்டவரை மதராஸ் வாரப் பத்திரிகை ஒன்று முத்துக்குளிப்பின் சரித்திரத்தைத் தொடராக எழுதச் சொன்னது. அதற்குப் பிறகு தபால்காரர்கூட சைக்கிளைவிட்டு இறங்கித்தான் எங்கள் வீட்டுக்குத் தபால் கொடுத்தார்.

அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வீட்டில் குடியிருந்ததால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலில் கேட்டது பிள்ளைகளாகிய நாங்கள்தான். எழுதி முடித்ததும் எங்களை உட்காரவைத்து வாசிப்பார். குளியாட்கள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் இடத்தில் அவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அவர் மூச்சு விடும்வரை நாங்களும் விடமாட்டோம்.

முத்தை விழுங்கிவிட்டான் என்று சந்தேகம் வந்தால் குளியாளைக் கொட்டடியில் அடைத்துப் பேதிக்குக் கொடுப்பார்கள் என்று ஓர் அத்தியாயத்தில் எழுதியிருந்தார். பேதி என்றதும் நாங்கள் சிரித்து உருண்டோம். பெரியப்பா சிரிக்கவில்லை. அப்படி அடைக்கப்பட்ட ஒருவன் கொட்டடியிலேயே செத்துப்போனான். அவன் வயிற்றில் முத்து எதுவும் இல்லை என்று தொடர்ந்து வாசித்தார். அவனை அடைத்துவைத்த கங்காணியின் பேரையும் வீட்டுப் பேரையும் எழுதியிருந்தார்.

அடுப்படியிலிருந்து பெரியம்மா வெளியே வந்தாள்.

"அது மணப்பாட்டுச் சம்பந்தி வீட்டுப் பேரு இல்லியா?"

"ஆமா, அவுக பாட்டனுக்குப் பாட்டன்தான்" என்றார் பெரியப்பா உற்சாகமாக. "காகிதத்துலயே கிடக்கு. கேட்டா அவுகளுக்கு எம்புட்டுச் சந்தோசமா இருக்கும்!"

அதை அவர் மனதார நம்பினார். தன்னைப் போலவே எல்லாருக்கும் சரித்திரம் பிடிக்கும் என்பதுதான் அவருடைய ஒரே மூடநம்பிக்கை. பெரியப்பாவின் மூத்த மகளை, எங்கள் அக்காவை, அந்த மணப்பாட்டு வீட்டுப் பையனுக்குத்தான் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் போயிருந்தார். அவர் வந்து இறங்கியதும் கல்யாணம்.

பத்திரிகை வந்த சில நாட்களில் மாப்பிள்ளையின் அப்பா பஸ் ஏறி வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியம், முகத்தில் சிரிப்பே இல்லை. பெரியம்மா கொடுத்த காப்பியை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். அது ஆடை படர்ந்து ஆறியது.

"எங்க பாட்டனுக்குப் பாட்டன் மாதா மணிமுடிக்கு முத்து வச்சவருன்னு ஊருக்கே தெரியும்" என்றார் கடைசியில். "நீங்க அவரைக் கொலைகாரன்னு எழுதியிருக்கிய."

"கொலைன்னு நான் எழுதலியே, அண்ணாச்சி. நடந்ததைத்தான் எழுதியிருக்கேன். பொய் ஒண்ணும் இல்ல."

"பொய்யின்னு நான் சொன்னனா? எழுதத்தான் வேணுமான்னு கேக்கேன். நாளைக்கு என் மவனுக்கு ஒரு பிள்ளை பிறந்தா, அதுக்கு என்னத்தச் சொல்லி வளக்க? உங்க மவ வயித்துல பிறக்கப்போற பிள்ளைதான அது?"

பெரியப்பா பக்கத்தில் கிடந்த பத்திரிகையை எடுத்து மடித்து வைத்தார். வந்தவர் எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

"இந்த ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்க வேண்டாம்னு சாமியார்ட்ட சொல்லிருங்க."

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை, பெண் பேர்களைக் கோயிலில் வாசிப்பதற்குத்தான் ஓலை என்று பேர். அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு யார் யார் பேரையோ வாசித்தார்கள். புதுத் தாவணி உடுத்தி வந்திருந்த அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி முழங்காலில் இருந்தாள். முன்பெஞ்சுப் பெண்கள் தலையைத் திருப்பித் திருப்பி அவளைப் பார்த்தார்கள்.

வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. பெரியம்மா சோற்றை வைத்துவிட்டு விலகிப்போனாள். அக்கா எப்போதும்போல பெரியப்பாவின் சட்டைகளுக்கு இஸ்திரிப் பெட்டி போட்டாள். காலரை இரண்டு முறை தேய்த்தாள். டச்சுத் தளபதி, கும்பினி துரை யாருமே எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. ஒருநாள் பெரியப்பாவே அக்காவைக் கூப்பிட்டார்.

"உனக்கு அந்தப் பையனைப் பிடிச்சிருக்காம்மா?"

அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நீங்க எழுதுறதை எழுதுங்கப்பா" என்றாள். பிறகு சட்டையை மடிக்கப் போனவள், அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அடுத்த அத்தியாயத்தை அவர் எங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு எழுதி, தானே தபாலில் சேர்த்துவிட்டு வந்தார். பத்திரிகை வந்ததும் நாங்கள் பிடுங்கிப் படித்தோம். அடடா, என்ன அத்தியாயம் அது! குளியாள் செத்துப்போனதை அறிந்ததும் கங்காணி கொதித்து எழுகிறார். துரையின் முன்னால் தலைப்பாகையைக் கழற்றி எறிகிறார். "எங்கள் கடல், எங்கள் மூச்சு, எங்கள் முத்து" என்று முழங்குகிறார். சிப்பாய்களைத் தள்ளிக்கொண்டு வெளியேறி, அந்த வருஷத்தின் ஆகப் பெரிய முத்தை மாதாவின் முடியில் பதிக்கிறார். கடலில் நின்ற தோணிகளிலெல்லாம் விளக்கேற்றுகிறார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. இதைவிட நன்றாகப் பெரியப்பா எழுதியதே இல்லை என்று தீர்மானித்தேன். அந்த ஒரு தீர்மானத்தில் நானும் தமிழ்நாடும் ஒன்றாக இருந்தோம்.

மணப்பாட்டுக்காரர் ஒரு பெரிய சீலா மீனும் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டியுமாக வந்து சேர்ந்தார். பெரியப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதார். காப்பியைக் குடித்துவிட்டு இன்னொரு தம்ளர் கேட்டார். ஓலை வாசித்தார்கள். கல்யாணப் பூசையில் அக்கா அத்தனை அழகாக இருந்தாள்.

பெரியப்பாவின் வாழ்வு அங்கிருந்துதான் ஏறியது. வாசகர் கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்தன. அப்படியே எழுதுங்கள், இன்னும் எழுதுங்கள் என்றார் ஆசிரியர். தொடர் புத்தகமாகி, மறுபதிப்பு கண்டது. ரேடியோவில் அவர் குரல் கேட்டது. ஏஜென்சி வேலையை விட்டார். கன்னியாகுமரியிலிருந்து மதராஸ்வரை மேடைகளில் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். பெரியம்மா அவற்றைப் பெட்டியில் அடுக்க இடமில்லாமல் தெருவில் பிரசவித்த பெண்களுக்கெல்லாம் கொடுத்தாள். மதராசுக்கு இப்போதும் அடிக்கடி போய்வந்தார். தும்மல்தான் நின்றுவிட்டது.

எங்கள் பெண்கள் பள்ளி ஆண்டு விழாவில் அந்த அத்தியாயத்தை நாடகமாகப் போட்டோம். உயரமாக இருந்ததால் எனக்குக் கங்காணி வேஷம். கண்மையில் மீசை வரைந்து, அப்பாவின் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டி, துரையாக நின்ற கணக்கு டீச்சர் மகளைப் பார்த்து நான் முழங்கினேன். கைதட்டலில் அடுத்த வசனம் மறந்தது. சிறப்பு விருந்தினராக முதல் வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்த பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பெருமையில் கண்ணீர் வடிப்பதாக ஹெட்மிஸ்ட்ரஸ் மைக்கில் சொல்ல, மறுபடியும் கைதட்டினார்கள்.

முடிந்ததும் கடற்கரை ரோடு வழியாக இருவரும் வீட்டுக்கு நடந்தோம். மீசையைக் கழுவ எனக்கு மனமில்லை. உப்பு மூட்டை ஏற்றிய லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அவர் வாங்கித் தந்த முந்திரி மக்ரூனைத் தின்றுகொண்டே, "பெரியப்பா, கங்காணி நெசமாவே தலைப்பாகையத் தூக்கி எறிஞ்சாரா?" என்று கேட்டேன்.

அவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாருக்கும் பிடிச்சிருந்துச்சுல்லா, மக்கா?"

"ரொம்பப் பிடிச்சிருந்துச்சு!"

அவர் என் தலைப்பாகையைச் சரிசெய்துவிட்டார். அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டு, நான் நெஞ்சை நிமிர்த்தி அவருக்கு முன்னால் நடந்து போனேன்.