ஐந்து இருபதுக்கு ஒரு ரிங்

போன வருஷம் மகளின் பிரசவத்துக்காக சிங்கப்பூர் போயிருந்தபோது நடந்தது இது. நடந்தது என்று பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு போன் அடித்தது, அவ்வளவுதான். ஆனால் இன்றைக்கும் அதை நினைத்தால் கையில் இருக்கிற வேலை அப்படியே நின்றுவிடும்.

நான் பிறந்தது கடலூர், வாக்கப்பட்டது சிதம்பரம். என் கணவர் குடிகாட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்த்தவர். தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவார். எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் செல்போன் வந்த காலத்தில், வாயைத் திறந்தாலே காசு போகும். அதனால் அவர் ஓர் ஏற்பாடு செய்தார். சாயங்காலம் ஐந்து இருபதுக்கு பஸ் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரு ரிங்கோடு நின்றால் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். இரண்டு ரிங் என்றால் ஓவர்டைம், வர நேரமாகும். ஒரு ரிங் கேட்டதும் நான் அரிசியைக் களைந்து ஊறப் போடுவேன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சோறு வடித்து இறக்கியிருப்பேன்.

பிற்பாடு எவ்வளவு பேசினாலும் ஒரே காசு என்று ஆகிவிட்டது. ஊரே போனைக் காதில் ஒட்டிக்கொண்டு நடந்தது. இவர் மட்டும் மாறவே இல்லை. "ரெண்டு வார்த்த பேசினா வாய் தேஞ்சா பூடும்?" என்று கேட்பேன். "கெளம்பிட்டேன்னு சொல்றதுக்கு எதுக்குப் பேச்சு?" என்பார். கஞ்சப் பிசினாரி என்று என் அக்கா தங்கைகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவர் ரிட்டயர் ஆனதும் அந்த ரிங்கும் ரிட்டயர் ஆகிவிட்டது. நானும் அதை மறந்து போனேன்.

மகள் கூப்பிட்டபோது அவரையும் வரச் சொன்னேன். "ரெண்டு டிக்கெட்டு எதுக்கு, பிரசவம் பாக்க நானா போறேன்? நீ போய்ட்டு வா" என்று முடித்துவிட்டார். கடலூர் பஸ் ஸ்டாண்டு வரை வந்து சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். சீக்கிரம் வந்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பஸ் கிளம்புகிற வரைக்கும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "பைய மடியில வெச்சிக்க" என்றுதான் சொன்னார்.

போன் விஷயத்தில் என் மாப்பிள்ளை ரொம்பக் கெட்டி. கிளம்புவதற்கு முன்பே என் நம்பரில் ரோமிங்கை ஆன் செய்யச் சொல்லிவிட்டார். "அவசரத்துக்குத்தான் அத்தை. மெசேஜ் வந்தா காசு போவாது. ஆனா யார் கூப்புட்டாலும் எடுத்துடாதீங்க, இருக்கற பேலன்ஸ் ஒரே நிமிஷத்துல காலி" என்றார். அங்கே போய் இறங்கியதும் ஏர்போர்ட்டிலேயே அந்த ஊர் சிம் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதைப் போட்டால் இன்டர்நெட்டும் உண்டு, செலவும் கம்மி.

என் போனில் இரண்டு சிம்முக்கு இடம் உண்டு. ஆனால் இரண்டாவது இடத்தில் மெமரி கார்டு இருந்தது. அதில் மகளின் கல்யாண போட்டோக்கள் எல்லாம் இருந்தன. நம் ஊர் சிம்மையோ அந்த கார்டையோ ஒன்றைக் கழற்றியாக வேண்டும். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. சிம்மைக் கழற்றி ஒரு காகிதத்தில் மடித்து ஜெபமாலைப் பைக்குள் போட்டுவிட்டேன். அந்த நம்பரில் யார் என்னைக் கூப்பிடப் போகிறார்கள் என்று ஒரு நினைப்பு.

அவருடையது பட்டன் போன். அதில் வெளிநாட்டுக்குப் பேச வழி இல்லை. எங்கள் வீட்டு மாடியில் ஒரு பெண் குடியிருக்கிறாள், காலேஜ் ஆபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அவர் வந்ததும் அவள் தன் போனை எடுத்துக்கொண்டு கீழே வந்து வீடியோ கால் போட்டுக் கொடுப்பாள். அவர் சட்டையில் கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுக்கிற மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருப்பார். சாப்பிட்டீர்களா என்றால் "ம்." முட்டி வலி எப்படி என்றால் "ம்." பேரனைக் காட்டினால் மட்டும் முகம் கொஞ்சம் இளகும். அந்த ஊர் சிம் போட்டிருப்பதால் பழைய நம்பரில் கூப்பிட வேண்டாம் என்று முதல் வாரமே சொன்னேன். அதற்கும் "ம்" தான். இரண்டு நிமிஷத்தில் போனை அந்தப் பெண்ணிடம் நீட்டிவிடுவார்.

"நீ இல்லாம அப்பா ஜாலியா இருக்காரும்மா" என்று மகள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

அங்கே எனக்குக் குறை என்று எதுவும் இல்லை. பேரனைக் குளிப்பாட்டுவேன், மகளுக்குப் பத்தியம் வைப்பேன். பகல் ஓடிவிடும். பொழுது சாய்ந்து எதிர் கட்டடத்தில் வரிசையாக விளக்கு போட்டதும் என்னவோ போல ஆகிவிடும். அங்கே அரிசி மெஷினில் வேகும். வெந்ததும் அதுவே கூவிச் சொல்லும். நான் யாருக்காகவும் நேரம் பார்க்க வேண்டியதில்லை. இருந்தாலும் ஏழு ஐம்பது ஆகும்போது காது எதையோ தேடும். என்னவென்று பிடிபடவில்லை. நம் ஊர் நேரம் அந்த ஊரைவிட இரண்டரை மணி நேரம் பிந்தி என்று தெரியும், ஆனால் கூட்டிக் கழித்துப் பார்க்கத் தோன்றவில்லை. வீட்டு ஏக்கம் என்று நினைத்துக்கொண்டேன். சிதம்பரத்தில் இருக்கும்போது அந்த வீட்டையும் கொசுவையும் திட்டாத நாள் கிடையாது. அங்கே போய் அந்தக் கொசுவுக்குக்கூட ஏங்கினேன்.

இரண்டு மாசம் ஆனது. திரும்ப வேண்டிய நாள் நெருங்கும்போது மகள் இன்னும் கொஞ்ச நாள் இரு, விசாவுக்கு நீட்டிப்பு கேட்டுப் பார்க்கலாம் என்றாள். பேரனின் முகத்தைப் பார்த்தால் எனக்கும் கிளம்ப மனசு வரவில்லை. சிதம்பரத்தில் என்னைத் தேட யார் இருக்கிறார்கள் என்ற ரோஷமும் கூடச் சேர்ந்துகொண்டது. சரி, கேட்டுப் பார் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரம்தான் மாடி வீட்டுப் பெண் ஒரு மெசேஜ் அனுப்பினாள். வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது, வேறு சிலிண்டர் வருகிறது, டெலிவரி கோடு உங்கள் நம்பருக்குத்தான் வருமாம் என்று. கேஸ் கனெக்‌ஷன் என் பேரில். கோடு சொன்னால்தான் சிலிண்டரை இறக்குவார்கள். ஜெபமாலைப் பையைத் தேடி சிம்மை எடுத்தேன். மாப்பிள்ளை அதைப் போட்டுப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டார். இத்தனை நாள் ரீசார்ஜ் செய்யாவிட்டால் நம்பர் அடங்கியிருக்க வேண்டுமாம். "உயிரோட இருக்குதே அத்தை, யாரோ மாசாமாசம் போட்டுருக்காங்க" என்றார்.

கோடு வந்தது. அதன் பின்னாலேயே டங் டங் என்று வேறு மெசேஜ்களும் வந்தன. போன் அணைந்திருந்தபோது யார் கூப்பிட்டார்கள் என்று கம்பெனிக்காரன் அனுப்புவானே, அது. கடைசி மூன்று நாளுடையது மட்டும் இருந்தது. மூன்றும் என் கணவரின் நம்பர். ஐந்து இருபது. ஐந்து இருபத்தொன்று. ஐந்து இருபது.

அப்போதுதான் விரல் விட்டு எண்ணினேன். இரண்டரை மணி நேரம் கூட்டினால் ஏழு ஐம்பது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மறுநாள் சிம்மைக் கழற்றவில்லை. மாலையில் பேரனை மகளிடம் கொடுத்துவிட்டு போனோடு அறைக்குள் போய் உட்கார்ந்தேன். பெண் பார்க்க வருகிறார்கள் என்று காத்திருந்த நாளில்கூட எனக்கு அப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. ஏழு ஐம்பதுக்கு போன் அடித்தது. ஒரு ரிங்கோடு நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. இரண்டு, மூன்று, நான்கு என்று போய்க்கொண்டே இருந்தது. எடுக்காதீர்கள் என்று மாப்பிள்ளை சொன்னது ஞாபகம் இருந்தது. போகட்டும் காசு என்று எடுத்துவிட்டேன்.

"பெல் அடிக்கிது" என்றார். அதுதான் அவர் பேசிய முதல் வார்த்தை.

"சிம்ம போட்டுருக்கேன். அடிக்காம என்னா செய்யும்? இந்த நம்பர எடுத்துட்டேன்னு சொன்னேன்ல, அப்புறம் எதுக்குத் தெனம் போடுறீங்க?"

பின்னால் எங்கள் வீட்டு பேன் கடகடவென்று சுற்றுகிற சத்தம் கேட்டது.

"ஸ்விட்ச் ஆஃப்னு ஒரு பொண்ணு சொல்லும். அதக் கேட்டுட்டு அரிசி களைவேன். ஒங்கிட்ட சொல்லிட்டு ஒல வெச்சாத்தான் எனக்கு சோறு எறங்குது" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆமா, நீ எப்ப..." என்று ஆரம்பித்தார்.

அதோடு பேலன்ஸ் தீர்ந்து கட் ஆகிவிட்டது.

எப்ப வர்ற என்று கேட்க வந்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் நான் எதிர்பார்த்த வார்த்தை. வீடியோவில் அவ்வளவு பேர் பார்க்க அவரால் கேட்க முடியாத வார்த்தை. என்னை ஒரு ஆளும் தேடவில்லை என்று ரோஷப்பட்டுக்கொண்டு, அவர் கூப்பிடுகிற ஒரே வழியை நானே காகிதத்தில் மடித்துப் பைக்குள் போட்டு வைத்திருந்தேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போது மகளிடம் நீட்டிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடியது. அந்த முகமும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஒரு கண்ணில் பேரன், இன்னொரு கண்ணில் அவர் என்று ஆகிவிட்டது என் நிலைமை.

சென்னையில் மாப்பிள்ளையின் அண்ணன் என்னைச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பஸ் கடலூரைத் தாண்டியது. குடிகாடு வந்ததும் அந்தக் கெமிக்கல் வாடை ஜன்னல் வழியாக உள்ளே அடித்தது. பக்கத்து சீட்டுக்காரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு அந்த வாடை பழக்கம், எத்தனையோ வருஷம் அவர் சட்டையில் வந்த வாடைதான். அந்தக் காலத்தில் அவர் பஸ் ஏறிய நிறுத்தத்தில் பஸ் நின்றது. மணி ஐந்தே கால் இருக்கும். போனை எடுத்து அவர் நம்பரைப் போட்டேன். ஒரு ரிங் போனதும் கட் செய்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டேன்.

நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர் சோறு வடித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்துவிட்டு, கை கழுவிட்டு வா என்றார். சோறு நன்றாகக் குழைந்துபோயிருந்தது. நான் இரண்டாவது முறையும் போட்டுச் சாப்பிட்டேன்.

இப்போது மெமரி கார்டு அலமாரியில் இருக்கிறது; இனி எங்கே போனாலும் நம் ஊர் சிம் போனை விட்டு வெளியே வராது. அவர் கடைத்தெருவுக்குப் போனாலும் திரும்பும்போது ஒரு ரிங் கொடுக்கிறார். காசை மிச்சம் பிடிக்கிறார் என்று இத்தனை வருஷம் நான் கேலி செய்த அந்த ஒரு ரிங்கில்தான் அவர் என்னைத் தேடிக்கொண்டிருந்தார் என்பது, கடல் தாண்டிப் போய் அது கேட்காமல் தவித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.